காப்பர்-டி: கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்

(ஆம்பூர் வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. துவைக்க வேண்டிய துணி அப்படியே கிடக்கும். பிள்ளைகள் கறிக்குழம்புக்குக் காத்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்றைக்கு நாம் பேசப்போவது காப்பர்-டி பற்றி. சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. அரசுத் திட்டங்களை மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிச் சொல்வது என் வேலை. ஆனால் இந்த விஷயத்தை நான் முதலில் தெரிந்துகொண்டது ஆபீஸ் காகிதத்தில் இல்லை, எங்கள் வீட்டில்.

என் பெரியம்மா மகள் இந்தப் பக்கம்தான் வாக்கப்பட்டு வந்தாள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. தலைப் பிரசவம் தாய்வீட்டில். பிள்ளைக்கு மூன்று வயதானதும் இரண்டாவது வேண்டும் என்று நினைத்தார்கள். நிற்கவில்லை. ஒரு வருஷம் போச்சு, இரண்டு வருஷம் போச்சு. “இன்னாடி, இன்னும் விசேஷம் இல்லையா?” என்று தெருவே கேட்டது. மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா கேட்டாராம்: “உள்ள காப்பர்-டி இருக்கே, அதை எடுக்காம குழந்தை எப்படிம்மா வரும்?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

முதல் பிரசவத்தின்போதே போட்டிருக்கிறார்கள். அவளிடம் சொன்னார்களா, சொல்லவில்லையா? “வலியில துடிச்சிக்கிட்டு இருந்தேன். யாரோ ஏதோ கேட்டாங்க. தலையாட்டினேனோ என்னமோ. ரெண்டு மூணு இடத்துல கையெழுத்து வாங்கினாங்க” என்றாள். யார் மீதும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. காப்பர்-டியை எடுத்தார்கள். சில மாதத்தில் கரு நின்றது. மகள் பிறந்தாள்.

கதை இதோடு முடியவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அவளே நர்ஸம்மாவைத் தேடிப் போய், எல்லாவற்றையும் கேட்டு, காப்பர்-டி போட்டுக்கொண்டாள். “பட்டது போதாதா, மறுபடியும் அதையேவா?” என்று பெரியம்மா சத்தம் போட்டார். அக்கா சொன்ன பதில் இதுதான்: “அப்போ அவங்க போட்டாங்க. இப்போ நான் போட்டுக்கிட்டேன்.”

என் பேச்சு முழுவதும் அக்கா சொன்ன அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். தெரியாமல் இருந்தபோது ஐந்து வருஷம் அவளை அழவைத்ததும், தெரிந்து போட்டுக்கொண்ட பிறகு நிம்மதி தந்ததும் ஒரே பொருள்தான்.

அது என்ன பொருள்?

ஆங்கில எழுத்து ‘டி’ போல இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. தீக்குச்சியைவிடக் குட்டை. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அடியில் இரண்டு மெல்லிய நூல் தொங்கும். இதைக் கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதோ தையலோ கிடையாது. வைப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகும். மாதவிலக்கு வலி போலக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

செம்பு உள்ளே மிக மிகச் சிறிய அளவில் கரைந்துகொண்டே இருக்கும். அது விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். விந்தணு கருமுட்டையைப் போய்ச் சேராது. அதாவது, கரு உண்டாவதையே இது தடுக்கிறது. உண்டான கருவைக் கலைக்கிற கருவி இல்லை. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “கருவைக் கலைக்கிறது பாவமாச்சே” என்று தயங்குகிற பெண்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இது.

இதில் ஹார்மோன் கிடையாது. அதனால் உடம்பு பெருக்காது, தாய்ப்பாலும் குறையாது. அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை உண்டு. 380ஏ என்பது 10 ஆண்டு வரைக்கும், 375 என்பது 5 ஆண்டு வரைக்கும் வேலை செய்யும். இரண்டும் இலவசம். காப்பர்-டி போட்ட 100 பெண்களில் முதல் ஆண்டில் கர்ப்பமாகிறவர் ஒருவருக்கும் குறைவு. நடைமுறையில் பார்த்தால், மாத்திரை சாப்பிடுகிற 100 பேரில் ஏறக்குறைய 7 பேரும், ஆணுறையை நம்பியிருக்கிற 100 பேரில் ஏறக்குறைய 13 பேரும் ஓராண்டில் கர்ப்பமாகிறார்கள். மாத்திரை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, டிபன் கட்டி, கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுகிற பெண்ணுக்கு மாத்திரை மறந்துபோகும். காப்பர்-டியில் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

‘லூப்’ என்ற பழைய பயம்

“லூப் போட்டா உடம்பு போயிடும்” என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

குடும்ப நலத் திட்டத்தை 1952ஆம் ஆண்டிலேயே அரசுத் திட்டமாகத் தொடங்கியது இந்தியா. உலகிலேயே முதல் நாடு. 1965ல் ‘லிப்பிஸ் லூப்’ என்ற பிளாஸ்டிக் வளையம் வந்தது. முகாம் போட்டு, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேகவேகமாக வைத்தார்கள். வைத்த வேகத்தில், பிறகு கவனிப்பது நடக்கவில்லை. ரத்தப்போக்கு என்று வந்தவர்களுக்குப் பதில் சொல்லவும், வேண்டாம் என்றவர்களுக்கு எடுத்துவிடவும் போதிய ஆள் இல்லை. சில ஆண்டுகளிலேயே மக்களுக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை சரிந்தது. பாட்டி பயந்தது அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான்.

இன்றைக்கு இருக்கிற காப்பர்-டி வேறு. 380ஏ வகை 2002 முதல் நாட்டின் திட்டத்தில் இருக்கிறது. பொருள் மாறிவிட்டது. ஆனால் அன்றைய பாடம் மாறவில்லை. விவரம் சொல்லாமல், பிறகு கவனிக்காமல் போட்டால் எவ்வளவு நல்ல கருவியும் கெட்ட பெயர்தான் வாங்கும்.

இன்னும் சில கேள்விகள் அடிக்கடி வரும். “அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடுமா?” போகாது. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே இல்லை. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம். அதனால்தான் பயிற்சி பெற்றவர் கையால் போட வேண்டும் என்கிறோம். “துருப்பிடிக்குமா?” துருப்பிடிப்பது இரும்பு, இது செம்பு. “புற்றுநோய் வருமா?” காப்பர்-டியால் புற்றுநோய் வராது. “நாள் முழுக்க நின்னுக்கிட்டே மெஷின் ஓட்டறேன், பாரம் தூக்கறேன், நழுவிடுமா?” வேலை செய்வதால் நழுவாது.

ஆபரேஷனா, காப்பர்-டியா?

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். சின்னக் குடும்பம் என்பது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அதற்கு நமக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: ரெண்டு பிறந்ததா, ஆபரேஷன். இருபதுகளின் நடுவிலேயே அது முடிந்துவிடுகிறது.

ஆபரேஷன் தவறு இல்லை. இனி குழந்தை வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அது நல்ல முறை. ஆனால் அது நிரந்தரம். இருபத்தைந்து வயதில் எடுக்கிற நிரந்தர முடிவு. “பிறகு பார்த்துக்கலாம்” என்று மனசில் ஒரு மூலையில் தோன்றினால், அந்த மூலைக்கு மரியாதை கொடுங்கள். காப்பர்-டி 10 ஆண்டு வரை அவகாசம் தருகிறது. எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்கும் தன்மை திரும்பும். முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி வேண்டும் என்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் காத்திருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அரசு சுகாதார நிலையத்தில் மற்ற வழிகளும் உண்டு: ஆணுறை, மாலா-என் மாத்திரை, சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனும் உண்டு. பெண்ணுடைய ஆபரேஷனைவிட அது எளிது என்பதை இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிப் பாருங்கள். இவ்வளவையும் கேட்டபிறகு “எனக்குக் காப்பர்-டி வேண்டாம்” என்று நீங்கள் சொன்னால், அதுவும் நல்ல முடிவுதான்.

எப்போது போட்டுக்கொள்ளலாம்?

நான்கு நேரம் சொல்கிறேன். ஒன்று, பிரசவம் ஆனவுடனோ 48 மணி நேரத்துக்குள்ளோ. சிசேரியன் என்றால் அந்த ஆபரேஷன் நேரத்திலேயே வைக்கலாம். இரண்டு, அந்த 48 மணி நேரம் தாண்டிவிட்டால் ஆறு வாரம் பொறுத்திருக்க வேண்டும். நடுவில் போடமாட்டார்கள். மூன்று, கருச்சிதைவுக்குப் பிறகு, டாக்டர் சோதித்துக் கிருமித்தொற்று இல்லை என்று சொன்னால். நான்கு, மற்ற காலத்தில் மாதவிலக்கு தொடங்கிய முதல் 12 நாளுக்குள். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் வைக்கலாம்.

“பால் கொடுக்கிறேன், தூரமாகலை, அதனால நிக்காது” என்று நம்பி மறுபடி கர்ப்பமானவர்கள் உங்கள் லைனிலேயே இருப்பார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்து, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இருந்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் கர்ப்பம் ஆகலாம். பேறுகால விடுப்பு முடிந்து கம்பெனிக்குத் திரும்புகிறபோது இந்த மூன்றும் பெரும்பாலும் நீடிப்பதில்லை.

கையெழுத்து போடும் முன்

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பிரசவத்தோடு காப்பர்-டி போடுவது வசதியான ஏற்பாடு. தனியாக ஒருநாள் லீவு போட வேண்டாம், சம்பளம் போகாது. ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய இடம் பிரசவ அறை இல்லை. கர்ப்பகாலத்தில் செக்கப்புக்குப் போகும்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். வலி எடுத்துத் துடிக்கிற நேரத்தில் முதல் தடவையாக இதைக் கேட்கக்கூடாது என்றுதான் அரசின் வழிகாட்டு நெறிமுறையும் சொல்கிறது. ஆகவே ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ செக்கப் போகும்போது நீங்களே பேச்சை எடுங்கள். “சிஸ்டர், பிரசவத்துக்கு அப்புறம் எனக்குக் காப்பர்-டி வேணும்” என்றோ “எனக்கு வேண்டாம்” என்றோ சொல்லி, கர்ப்பிணி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். உடன் வருகிற அம்மாவிடமும் மாமியாரிடமும் கணவரிடமும் அதையே சொல்லி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. பரிசோதனைக்காகச் சம்மதம் கொடுத்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் கேட்டார்களாம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது சுயநினைவு திரும்பக்கூடிய ஒரு பெண்ணுக்காக அவள் தாய் சம்மதம் சொல்ல முடியாது என்றது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பிரசவத்துக்குப் போட்ட கையெழுத்து காப்பர்-டிக்கான கையெழுத்து ஆகாது. மாமியார் சரி என்றாலும் உங்கள் சம்மதம் ஆகாது. அதேபோல, நீங்கள் வேண்டும் என்று முடிவெடுத்தால் அதற்குக் கணவர் கையெழுத்தும் தேவையில்லை. வீட்டில் பேசிச் செய்வது நல்லது. ஆனால் உடம்பு உங்களுடையது.

இன்னொன்று. பிரசவ உதவித்தொகை வேறு, காப்பர்-டி வேறு. “போட்டுக்கலைன்னா பணம் வராது” என்று யாராவது சொன்னால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

முதல் மூன்று மாதம்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். அதனால் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காப்பர்-டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம். கூடுதலாக ஒன்றிரண்டு நாள் நீடிக்கலாம். வயிற்று வலி கூடலாம். பெரும்பாலானவர்களுக்கு அதன்பிறகு குறைந்துவிடும். வீட்டில் இருப்பவருக்கு இது ஒரு தொந்தரவு. லைனில் உட்கார்ந்து பீஸ் கணக்குக்கு வேலை செய்பவருக்கு இது பெரிய தொந்தரவு. பாத்ரூம் போக எழுந்தால் வேலை தேங்கும், சூப்பர்வைசர் பார்ப்பார். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்களும் உண்டு. வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய கழிப்பறை, அதிலும் பெண்களுக்குத் தனியாக, இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அது யாரும் போடுகிற பிச்சை இல்லை.

போடுகிற நாளை நீங்களே திட்டமிடுங்கள். மாதவிலக்கு முடிகிற சமயமும், மறுநாள் லீவும் சேர்ந்து வருகிற நாளாகப் பார்த்தால் நல்லது. அடுத்த இரண்டு மூன்று மாதவிலக்குக்குக் கூடுதலாக நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

ரத்தசோகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகை இருந்தால் காப்பர்-டி போடவே கூடாது என்பதில்லை. ஆனால் ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர், மூச்சு வாங்குகிறவர், போடும் முன் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் பேச வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மிக அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு ஹார்மோன் உள்ள இன்னொரு வகை வளையமும் இருக்கிறது. அது ரத்தப்போக்கைக் குறைக்கும். அது உங்களுக்குத் தேவையா என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள்.

யாருக்குக் காப்பர்-டி வேண்டாம்? கர்ப்பமாக இருப்பவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், அடிவயிற்றில் கிருமித்தொற்றோ பால்வினைத் தொற்றோ இருப்பவர், கர்ப்பப்பையிலோ கர்ப்பப்பை வாயிலோ புற்றுநோய் உள்ளவர், கட்டியால் கர்ப்பப்பையின் உள்வடிவம் மாறியிருப்பவர். நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். காப்பர்-டி கர்ப்பத்தைத்தான் தடுக்கும். எச்.ஐ.வி., பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

எப்போது ஓடிப்போக வேண்டும்?

முதல் செக்கப் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள். பிரசவத்தோடு போட்டுக்கொண்டவர்கள் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்தோடு போட்டது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் அந்தச் செக்கப்பை விடாதீர்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் போங்கள்: மாதவிலக்கு தள்ளிப்போனால், அடிவயிற்றில் கடுமையான வலி இருந்தால், காய்ச்சலும் குளிரும் நாற்றமான கசிவும் இருந்தால், கைக்குத் தட்டுப்பட்ட நூல் திடீரென்று தட்டுப்படாமல் போனால், அல்லது நூலுக்குப் பதில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டால். மாதவிலக்கு தள்ளிப்போவதை அலட்சியம் செய்யவே கூடாது. காப்பர்-டி தோற்பது அபூர்வம். ஆனால் தோற்றால், கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அது உயிருக்கு ஆபத்து.

எடுப்பதும் உங்கள் உரிமை

10 ஆண்டு என்றால் 10 ஆண்டும் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. குழந்தை வேண்டும் என்றாலோ, ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, மனசு மாறினாலோ, போய் எடுக்கச் சொல்லலாம். “இன்னும் ரெண்டு மாசம் பாருங்க” என்று நர்ஸ் சொன்னால் அதைக் கேளுங்கள், அதில் நியாயம் இருக்கும். கேட்ட பிறகும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், எடுக்கத்தான் வேண்டும். அதுவும் சில நிமிட வேலை, அதற்கும் கட்டணம் இல்லை. நீங்களாக நூலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எங்கே போவது? 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்தில். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில். மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டையில். வீடு ஒரு மாவட்டம், கம்பெனி இன்னொரு மாவட்டம், தாய்வீடு மூன்றாவது மாவட்டம் என்று இருப்பவர்கள் உங்களில் நிறைய. ஒரு ஊர் அரசு மருத்துவமனையில் போட்டதை இன்னொரு ஊர் அரசு மருத்துவமனையில் சோதிக்கலாம், எடுக்கலாம். ஆனால் போட்ட விவரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். என் அக்காவுக்கு இல்லாமல் போனது அதுதான். தாய்வீட்டில் பிரசவம், புகுந்த வீட்டில் வாழ்க்கை. நடுவில் அட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை.

உங்கள் போனில் இதைச் செய்யுங்கள்

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இப்போதே வெளியே எடுங்கள்.

ஒன்று: கர்ப்பிணி என்றால் ‘பிக்மி’யில் பதிவு செய்து கிடைத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைப் போனில் சேமியுங்கள். பிரசவம் எந்த ஊரில் நடந்தாலும் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் இதுதான் தேவை.

இரண்டு: பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வாய்விட்டுக் கேளுங்கள்: “சிஸ்டர், எனக்குக் காப்பர்-டி போட்டிருக்கா, இல்லையா?” போட்டிருந்தால் என்ன வகை, என்ன தேதி, எப்போது எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் அந்த அட்டையையும் படமெடுத்து வையுங்கள். அட்டை தொலையலாம், படம் இருக்கும்.

மூன்று: எடுக்க வேண்டிய தேதியைப் போன் காலண்டரில் போட்டு வையுங்கள். போன் மாறும். அதனால் வீட்டில் ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

நான்கு: எண்களைச் சேமியுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104. கர்ப்பிணிப் பதிவு பற்றிய சந்தேகத்துக்கு 102. ஆம்புலன்சுக்கு 108. பெண்களுக்கான உதவிக்கு 181. கேட்காமல் போட்டார்கள், எடுக்க மறுக்கிறார்கள் என்றால், முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. தேதியும் இடமும் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வேலூர்க் கதையோடு முடிக்கிறேன்

சி.எம்.சி. ஆஸ்பத்திரி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1890களில் அவர் திண்டிவனத்தில் தன் அப்பாவோடு இருந்தார். அப்பா டாக்டர். ஒருநாள் இரவு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிக்கும் பிரசவ வலி. அப்பா வருவார் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்கவைத்தது. படித்து முடித்து 1900ல் வேலூருக்கு வந்து வேலையைத் தொடங்கினார்.

அந்த மூன்று பெண்களிடமும் “உனக்கு என்ன வேணும்மா?” என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற பெண் செவிலியர்களே காப்பர்-டி போடுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. திரை போடச் சொல்லலாம். உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வசதிகள் வந்துவிட்டன. இனி வாய் திறந்து கேட்க வேண்டியது நாம்தான்.

கூட்டம் முடிந்ததும் நர்ஸம்மா அந்த மூலையில் உட்கார்ந்திருப்பார். நாலு பேர் எதிரில் கேட்க வெட்கமாக இருந்தால் தனியாகப் போய்க் கேளுங்கள். போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு. ஆனால் தெரியாமல் மட்டும் இருக்காதீர்கள்.